வறுத்துப் பார்த்து வாங்கும் கிழங்கு

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வெளியே கோடை வெயில், தலைக்கு மேலே தகரக் கூரை, முன்னால் காஸ் அடுப்பு. ஒரு மனுஷி வெந்து போவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வெள்ளைக் கோட்டும் தலையில் வலைத் தொப்பியுமாக நின்று, சட்டிக்குள் தெர்மாமீட்டரை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே பச்சை நைலான் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு விளைவித்தவர்கள். இந்தப் பக்கம் கம்பெனிக்காரர்களான நாங்கள். வறுக்கும்போது விவசாயிகள் கயிற்றைத் தாண்டக் கூடாது என்று ஒரு சட்டம். எந்த மகராசன் போட்டானோ தெரியாது.

கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி முதல் ஆளாக நின்றவள் மாலதி. மேற்கு வங்காளத்து ஹூக்ளி மாவட்டத்துக்காரி. கணவனும் மனைவியுமாக நிலத்தில் இறங்கிப் பாடுபடுகிறவர்கள். கணவர் வாயே திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து இவள் பேசிவிடுவாள். நான் அவளை 'மாலதிதி' என்பேன், அவள் என்னைத் 'தீதி' என்பாள்; இரண்டும் அக்காதான். யார் அக்கா, யார் தங்கை என்று இரண்டு பேருமே கேட்டுக்கொண்டதில்லை.

"தீதி, எண்ணெய் நல்ல எண்ணெய்தானே?" என்றாள். அவள் வங்காளத்தில் கேட்டதை நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"இன்னைக்குக் காலையில பிரிச்ச டின்னு."

"அப்ப சரி. எண்ணெய் பண்ற தப்புக்கு என் கிழங்குக்குக் கெட்ட பேரு வரக் கூடாது பாரு."

அவள் மூட்டையிலிருந்து எடுத்த கிழங்கைச் சீவி, வில்லைகளைக் கழுவித் துடைத்து எண்ணெயில் போட்டேன். நுரை பொங்கி அடங்கியது. அடங்கிய பிறகு சட்டியில் மிதந்ததை அரித்தெடுத்துத் தட்டில் கொட்டினேன். எல்லா வில்லையும் பழுப்பு. சில வில்லைகள் நடுவில் கருத்தே போயிருந்தன.

மேனேஜர் ஒரு வில்லையை எடுத்து, கையிலிருந்த நிற அட்டையோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். "ரிஜெக்ட்" என்றார்.

மாலதிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஏன் விட்டீர்கள் என்று கேட்பவர்களுக்கு

சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்த நாட்களை எழுத ஆரம்பித்ததிலிருந்து, இப்போது நாங்கள் இருக்கும் கல்கத்தா லேக் கார்டன்ஸில் எதிர்ப்படும் தமிழர்களெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சிப்ஸ் கம்பெனியில நல்ல வேலையில இருந்தீங்களே, ஏன் விட்டீங்க?"

நான் எங்கே விட்டேன்? அனுப்பிவிட்டார்கள். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. கூச்சப்பட வேண்டியவர்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் வேலை தரப் பரிசோதனை. ரொம்பப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கிழங்கு வாங்கும் நிலையங்களுக்குப் போய், வறுத்துப் பார்த்து, நிறம் தேறியதா தேறவில்லையா என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் சாந்த்ராகாச்சி யார்டில் வேகன்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருவார். நான் எண்ணெய் வாடையோடு வருவேன். "அங்க வறுத்தது போதாதா, இங்கயும் அடுப்பு முன்னால நிக்கிறே?" என்பார். பேசுவாரே தவிர, கரண்டியை வாங்கிக்கொள்ள மாட்டார்.

ஒப்பந்தச் சாகுபடி என்று ஒன்று இருக்கிறது. காதில் விழும்போது தேன் மாதிரி இருக்கும். கம்பெனி விதைக் கிழங்கு கொடுக்கும், விவசாயி விளைவிப்பார், முன்பே பேசிய விலைக்குக் கம்பெனியே வாங்கிக்கொள்ளும். தரகன் கிடையாது, மண்டிக்காரன் கிடையாது, விலை விழுந்ததே என்று தலையில் கை வைக்க வேண்டாம். நானும் ஆரம்பத்தில் இதை மனசார நம்பி, ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. வறுத்தால் கிழங்கு பொன்னிறமாக வர வேண்டும்.

வராவிட்டால்? இங்கேதான் இருக்கிறது சூட்சுமம். சிப்ஸுக்கென்று வளர்க்கும் அந்த ரகத்தை வங்காளி வீட்டு அடுக்களையில் சீந்த மாட்டார்கள். 'ஆலூர் தொம்' என்று அவர்கள் செய்யும் மசாலாக் கிழங்கில் போட்டால் உதிர்ந்து மாவாகிவிடும். கல்கத்தா பிரியாணியில் முழுக் கிழங்கு போடுவார்களே, அதில் போட்டால் கிழங்கு இருந்த சுவடே தெரியாது. ஆகவே கம்பெனி வேண்டாமென்று சொன்ன கிழங்கைச் சந்தைக்குக் கொண்டுபோனால், மாட்டுக்குப் போடவா என்று கேட்பார்கள். விதை தந்தவனும் ஒருவன், வாங்குகிறவனும் அதே ஒருவன், நிறம் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவனும் அவனே. நல்லா இருக்கு நியாயம்!

குளிரில் கிடந்தது யார் குற்றம்?

அன்றைக்கு மாலதியின் கிழங்கு ஏன் கருத்தது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. படித்த படிப்பு ஒரு பக்கம். என் வீட்டு ஃபிரிட்ஜ் இன்னொரு பக்கம்.

எங்கள் வீட்டுக்காரருக்கு எதையும் ஃபிரிட்ஜில் வைத்தால்தான் நிம்மதி. ஒரு தடவை ஊருக்குப் போகும்போது உருளைக்கிழங்கையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். வந்ததும் ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள அதையே வறுத்தேன். கருகருவென்று ஆகிவிட்டது.

"என்னடி இது, கிழங்கா கருப்பட்டியா? இனிக்குதே!"

"ஃபிரிட்ஜுக்குள்ள கொண்டுபோய் வெச்சது யாரு?"

 மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

விஷயம் அவ்வளவுதான். கடுங்குளிரில் கிடந்தால் கிழங்கில் இருக்கும் மாவு சர்க்கரையாக மாறும். சர்க்கரை ஏறிய கிழங்கை வறுத்தால் கருக்கும். கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம் இது.

சரி, மாலதியின் கிழங்கு குளிரில் ஏன் போய்க் கிடந்தது? ஆசைப்பட்டா போட்டாள்? அறுவடை முடிந்ததும் லாரி வரும் என்றது கம்பெனி. வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள், அதற்கடுத்த வாரம் என்றார்கள். தொழிற்சாலைக் கிடங்கு நிரம்பிவிட்டதாம். "பக்கத்தில் இருக்கிற கோல்டு ஸ்டோரேஜில் போட்டுவையுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்" என்று கள அலுவலர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கோல்டு ஸ்டோரேஜ் சமையல் கிழங்குக்கானது. சிப்ஸ் கிழங்குக்கு அந்தக் குளிர் ஆகாது. அதைச் சொல்ல அந்த அலுவலருக்கு வாய் வரவில்லை.

கோடை வெயில் ஏறிய பிறகு லாரி வருகிறது. குளிரிலிருந்து எடுத்த கையோடு மாதிரிக்கு ஒரு மூட்டையைப் பிரித்து வறுக்கிறோம். கருக்கிறது. ரிஜெக்ட். தாமதம் செய்தது ஒருவன், தண்டனை இன்னொருத்திக்கு. 

மாலதி அந்த வருஷம் சொந்த நிலத்தோடு அண்டை நிலத்தையும் குத்தகைக்குப் பிடித்திருந்தாள். எல்லாம் கம்பெனிக் கிழங்கு. அந்த மூட்டைகள் லாரியில் ஏறினால் குடும்பம் நிமிரும். ஏறாவிட்டால் குத்தகைக்கு விட்டவருக்குச் சொந்த நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். இதை அவள் என்னிடம் அழுதுகொண்டு சொல்லவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னாள். அதுதான் என்னை இன்னும் படுத்தியது.

கார்த்திக் தம்பி

மேனேஜர் நம் ஊர்ப் பையன். ஈரோட்டுப் பக்கம். பெயர் கார்த்திக் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த புதிதில் கடுகெண்ணெய் வாடை தாங்காமல் திண்டாடினான். நான்தான் இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொடுத்துக் காப்பாற்றினேன். நல்ல பையன், கல்யாணமான புதிது, வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்கிறது. காரியம் ஆக வேண்டுமென்றால் 'அக்கா', கோபம் வந்தால் 'மேடம்'.

அன்றைக்கு அவனைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, இது உனக்கே நியாயமா இருக்கா? ஐஸ்ல கெடந்த கிழங்க நேரா எண்ணெயில போட்டா கருக்காம என்ன பண்ணும்?"

"தெரியுதுங்கக்கா. ஆனா அட்டையில நிறம் வரலீங்களே. நான் என்னங்க பண்றது?"

"வெளியில எடுத்துக் காத்தாடப் போட்டா சர்க்கரை இறங்கிடும். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி வறுக்கலாம். லாரிய அதுக்குத் தகுந்த மாதிரி வரச் சொல்லு."

தலையைச் சொறிந்தான். யாருக்கோ போன் போட்டான். "சரிங்கக்கா, ஒரே ஒரு சான்ஸ். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

திரும்பி வந்து மாலதியிடம் சொன்னேன். அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. கோல்டு ஸ்டோரேஜிலிருந்து ஒரு தடவை வெளியே எடுத்த கிழங்கைத் திரும்ப உள்ளே வைக்க முடியாது. அந்த வெயிலில் முளைவிடும், அழுகும். நிறம் வராவிட்டால் மொத்தமும் குப்பை.

"நீ சொன்னா எடுக்கறேன் தீதி. நிறம் வருமா?"

"வரும்."

"வராட்டி?"

அவிழ்த்த மூட்டையைக் கட்டிக் கொடுத்தேன். அவள் அதைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கோல்டு ஸ்டோரேஜ் பக்கம் நடந்தாள்.

கரியாஹாட்டில் ஒரு கடைக்காரர்

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தி, நம் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள், ஏனென்றால் நீங்களும் செய்கிறவர்தான்.

வெளியூரில் இருக்கும் தமிழனுக்குத் தமிழ் ஒரு திரை. எதிரில் ஆள் நிற்கும்போதே அவரைப் பற்றி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம். பேருந்தில், டாக்டர் வீட்டில், கடைத்தெருவில். வங்காளி வீட்டுக் கல்யாணத்தில் மீன் குழம்பு பரிமாறுகிறவரிடம் புன்னகைத்துக்கொண்டே "வாடை குடலைப் பிடுங்குது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாம்.

கல்கத்தாவின் கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு நாள் நானும் வீட்டுக்காரரும் படுக்கை விரிப்பு பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் ஒரு விலை சொன்னார். இவர் முகத்தை அப்பாவிபோல வைத்துக்கொண்டு என்னிடம், "ரொம்பச் சொல்றான். நீ பாட்டுக்கு நடக்க ஆரம்பி, தானாக் கூப்பிடுவான்" என்றார்.

நடந்தோம். பின்னாலிருந்து குரல் வந்தது. "கூப்பிட மாட்டேன் அம்மா. போயிட்டு வாங்க."

தமிழில்! அந்த மனிதர் பல வருஷம் நம் ஆட்களுக்கு விற்று விற்றே கற்றுக்கொண்டாராம். வீட்டுக்காரருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கடைசியில் அவர் சொன்ன விலையையே கொடுத்து வாங்கினோம்.

அதே கரியாஹாட்டில் பெரிய கடை ஒன்றில் எங்கள் கம்பெனி பாக்கெட் தொங்கும். பாக்கெட்டில் காற்று அதிகம், சிப்ஸ் கொஞ்சம் என்று எல்லோரும் திட்டுவார்கள். அதற்கு நான் வக்காலத்து வாங்குவேன். காற்றில்லாவிட்டால் உங்கள் வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் நொறுங்கிவிடும். என் வயிற்றெரிச்சல் வேறு. பாக்கெட்டின் பின்புறம் ஒரு படம் அச்சடித்திருப்பார்கள். தலையில் முண்டாசு கட்டிய விவசாயி, கையில் கிழங்கு, வாய் கொள்ளாத சிரிப்பு. 'எங்கள் விவசாயக் குடும்பங்களிடமிருந்து நேராக உங்களுக்கு.'

நேராகவாம்! வயலிலிருந்து கொட்டகை, கொட்டகையிலிருந்து தொழிற்சாலை, அங்கிருந்து டிப்போ, டிப்போவிலிருந்து மொத்த வியாபாரி, அவரிடமிருந்து கடை. ஒவ்வொரு கையும் தனக்கு வர வேண்டியதை முதலில் எடுத்துக்கொண்டுதான் அடுத்த கைக்குத் தள்ளும். கடையில் விற்காத பாக்கெட்டை மொத்த வியாபாரி திருப்பி எடுத்துக்கொள்வார். மொத்த வியாபாரியிடம் தேங்கினால் கம்பெனி ஏதாவது தள்ளுபடி கொடுத்துச் சரிக்கட்டும். கம்பெனியிடம் தேங்கினால்? லாரி வராது. கிழங்கு கருக்கும். இந்தச் சங்கிலியில் தன் நஷ்டத்தைத் தள்ளிவிட வேறு ஆள் இல்லாதது மாலதிக்கு மட்டும்தான். அவளுக்குப் பின்னால் மண்தான் இருக்கிறது.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. டீவி முன்னால் உட்கார்ந்து பாக்கெட்டைப் பிரித்து, ஒரு வில்லையில் கறுப்புப் புள்ளி இருந்தால் தூர எறிகிறோம். அந்த ஒரு புள்ளிக்குப் பயந்துதான் நிற அட்டையே வந்தது.

சண்டி மண்டபத்தில் விசிறிகள்

மாலதி ஊர் நடுவில், அம்மனுக்கென்று கட்டிய சண்டி மண்டபம் இருக்கிறது. பூஜை நடக்கும், பஞ்சாயத்து நடக்கும், மற்ற நேரத்தில் சீட்டாட்டம் நடக்கும். சிமெண்டுத் தரை, மேலே கூரை, நாலு பக்கமும் திறப்பு. கிழங்கை எடுத்து அங்கே பரப்பினார்கள். காற்று போதவில்லை என்று அவரவர் வீட்டு மேஜை விசிறியைக் கொண்டுவந்து வைத்தார்கள். மாலதியின் கிழங்கு தேறினால் நாளை நம் கிழங்கும் தேறும் என்ற எண்ணம்தான். அவர்களுடைய மூட்டைகளும் அதே குளிரில்தான் கிடந்தன.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகூடப் போனேன். வீட்டுக்காரர், "இந்த வெயில்ல அங்க போய் நின்னா உனக்கு மண்டை கொழம்பிடும்" என்று கத்தினார். கத்திவிட்டு அவரே வண்டியில் கொண்டுபோய் ஸ்டேஷனில் விட்டார்.

மாலதி பொழுதெல்லாம் மண்டபத்திலேயே கிடந்தாள். அழுகியதைப் பொறுக்கி எறிந்தாள், மற்றதைப் புரட்டிப் போட்டாள். கிழங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. பொறுக்கிப் போட்ட குவியலிலிருந்து வந்த நாற்றம் புடவையோடு வீடு வரை கூடவே வந்தது. அவள் வீட்டு அடுப்பிலேயே தினம் ஒரு கிழங்கை வறுத்துப் பார்த்தாள். எனக்குப் போனில் படம் அனுப்புவாள். முதலில் பழுப்பு. பிறகு பழுப்பில் ஒரு வெளுப்பு. ஒரு நாள் படத்தோடு குரலும் வந்தது. "தீதி, வந்துடுச்சு! என் மாமியா பட்டுப்புடவ கலர்ல இருக்கு!"

சமையலறையில் நின்றுகொண்டு நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

இரண்டாவது சட்டி

மறுபடி அதே கொட்டகை, அதே பச்சைக் கயிறு. இந்தத் தடவை ஊரே வந்து நின்றது.

ஒரு விவசாயியின் கிழங்கை மூன்று தடவை வறுக்க வேண்டும், மூன்றும் தேற வேண்டும் என்பது எங்கள் முறை. முதல் சட்டி வறுத்தேன். எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பினேன். அட்டையைப் பார்க்கவே வேண்டாம், அப்படி ஒரு பொன்னிறம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ விசில் அடித்தார்கள். மாலதியின் கணவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது கார்த்திக்கின் போன் அடித்தது. வெளியே போனான். மரத்தடியில் நடந்தபடி ரொம்ப நேரம் பேசினான். பேசினான் என்பதைவிடக் கேட்டான் என்று சொல்ல வேண்டும். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் சிரிப்பு இல்லை.

என் பக்கத்தில் வந்து நின்றான். கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே, ஏதோ என் வேலையைப் பாராட்டுகிறவன் மாதிரி, சாதாரணக் குரலில் தமிழில் சொன்னான்.

"அக்கா, அடுத்த சட்டிக்கு எண்ணெயை நல்லாக் காய விட்டுருங்க."

எனக்குப் புரியவில்லை. "எதுக்கு? சூடு சரியாத்தான் இருக்கு."

"கருக்கட்டும்னுதாங்கக்கா." சிரிப்பு மாறவில்லை. "வேற ஸ்டேட்ல இதே ரகம் மலிவாக் கெடைக்குதாமா. இந்த ஏரியாவுல இனி ஒரு மூட்டைகூட எடுக்க வேண்டாங்கறாங்க. அக்ரிமெண்டு இருக்கறதால நாமளா வேண்டாம்னு சொல்ல முடியாது. நிறத்துல அடிச்சுட்டா யாரும் கேக்க முடியாதுங்க. ஒரே ஒரு சட்டி போதும். சிரிச்ச மாதிரியே நில்லுங்கக்கா, பாக்கறாங்க."

அடப்பாவி!

கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாலதி எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் ஐயா சிரிக்கிறார், நல்ல சேதிதான் என்று நினைத்து அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அழுகிய கிழங்கைப் பொறுக்கிய கை, மாமியாரின் பட்டுப்புடவை என்று சொன்ன குரல், எல்லாவற்றையும் இரண்டு பேர் அவள் கண்ணெதிரிலேயே நின்று, நாளைக்கு என்ன சமையல் என்று பேசுகிற தொனியில் பேசி முடித்துவிடலாம் என்றால், அது எந்த ஊர் அக்கிரமம்?

 காஸைத் திருகி அடுப்பை அணைத்தேன். கூட்டத்தின் பக்கம் திரும்பி, கார்த்திக் சொன்னதை அப்படியே வங்காளத்தில் சொன்னேன். எண்ணெயைக் காயவிடச் சொன்னதை, கருக்கட்டும் என்றதை, மலிவாகக் கிடைப்பதை, நிறத்தைச் சொல்லிக் கழித்துவிடலாம் என்றதை. சிரித்த மாதிரி நிற்கச் சொன்னதையும் விடவில்லை. என் வங்காளத்துக்கு இலக்கணம் போதாது என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள். அன்றைக்கு ஒரு வார்த்தைகூட யாருக்கும் புரியாமல் போகவில்லை.

 எழுந்த சத்தத்தில் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது.

 மாலதி குனிந்து, கயிற்றுக்கு அடியில் புகுந்து வந்தாள். அடுப்புக்கு முன்னால், எனக்குப் பக்கத்தில் நின்றாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அடுப்பப் பத்த வை தீதி" என்றாள். "சூடு எவ்வளவு இருக்கணும்னு எனக்குக் காட்டு. நான் பாத்துக்கறேன்."

தெர்மாமீட்டரை அவள் கையில் கொடுத்தேன். அவள் பின்னால் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். மூங்கில் கம்பு சாய்ந்தது. இரண்டாவது சட்டியையும் மூன்றாவது சட்டியையும் ஊரே சுற்றி நின்று, எட்டிப் பார்க்க, ஏழெட்டுப் போன்கள் படம் பிடிக்க, வறுத்து எடுத்தேன். எல்லாம் பொன்னிறம். மாலதி ஒன்றை எடுத்துக் கடித்தாள். இன்னொன்றைக் கார்த்திக்கிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான், தின்னவில்லை.

அத்தனை போன்களுக்கு முன்னால் அவன் வேறென்ன செய்வான்? தேறியது என்று கையெழுத்துப் போட்டான். மாலதியின் மூட்டைகள் லாரியில் ஏறின. அன்றைக்கு அவளுடைய கிழங்கு மட்டும்தான் ஏறியது. மற்றவர்களுடையதை எடுக்க அதன் பிறகு அவர்கள் கம்பெனி வாசலில் போய் உட்கார வேண்டியிருந்தது. சிலருடையதை எடுத்தார்கள். சிலருடையது கோல்டு ஸ்டோரேஜ் பின்புறத்துப் பள்ளத்தில் கொட்டப்பட்டது.

அடுத்த பருவத்துக்கு அந்த ஊருக்கே விதை கொடுக்கவில்லை. மாலதி இப்போது சமையல் கிழங்குதான் போடுகிறாள். விலை விழுந்தால் அவளே போன் செய்து கம்பெனியையும் அரசாங்கத்தையும் சேர்த்துத் திட்டுகிறாள். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன். நிலம் அவளிடம்தான் இருக்கிறது. எனக்கு அந்த மாதமே 'உங்கள் சேவை இனித் தேவையில்லை' என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வந்த கார்

வேடிக்கை என்னவென்றால், அன்று சாயங்காலம் திரும்பி வர எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கார். அவன் முன்னால் உட்கார்ந்தான், நான் பின்னால்.  டிரைவர் பாவம், என்ன நடந்தது என்று தெரிந்தும் தெரியாதவர் மாதிரி பாட்டைப் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தார்.

சாந்த்ராகாச்சி வந்தது. குவார்ட்டர்ஸ் வாசலில் இறங்கினேன். கதவைச் சாத்தப் போனபோது கார்த்திக் கண்ணாடியை இறக்கினான். கண் சிவந்திருந்தது. அவனைப் பார்க்கவும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். மறுநாள் மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான்.

"நம்ம ஆளுன்னு நம்பித்தானுங்கக்கா உங்ககிட்டச் சொன்னேன்" என்றான்.

"நானும் நம்ம ஆளுங்ககிட்டதான் தம்பி சொன்னேன்" என்றேன்.